புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர்க் கசிவு: லட்சங்களில் அடுத்த ஆபரேஷன், அதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் அவசியமா?



நம்ம தளத்தில் வழக்கமா எஸ்.ஐ.பி., டேர்ம் பிளான், பி.எஃப்., வரி சேமிப்புன்னு பேசிக்கிட்டு இருப்போம். இன்னைக்குப் பேசப்போறது கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆனா இதுல வர்ற செலவும் பெருசு, யாரும் வாய்விட்டுப் பேசாததால தப்பான முடிவுகளும் அதிகம். அதனால பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. உங்க வீட்டுல யாருக்கும் தேவைப்படலைன்னா சந்தோஷம். தேவைப்படுற ஒருத்தரையாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

விஷயம் இதுதான். அப்பாவுக்கோ மாமாவுக்கோ புராஸ்டேட் கேன்சர். சுரப்பியை முழுசா எடுத்தாச்சு. பி.எஸ்.ஏ. ரிப்போர்ட் நல்லா வந்திருச்சு, எல்லாரும் நிம்மதி ஆயிட்டாங்க. ஆனா அவர் மட்டும் கல்யாணத்துக்கு வரமாட்டேங்கிறார், பஸ்ல ஏறமாட்டேங்கிறார், பேரனைத் தூக்கமாட்டேங்கிறார். இருமினா, தும்மினா, நாற்காலியை விட்டு எழுந்தா சிறுநீர் கசியுது. ஒரு வருஷம் ஆகியும் நிக்கலை. டாக்டரிடம் போனா, "செயற்கை வால்வு வைக்கலாம், இல்லைன்னா ஸ்லிங் போடலாம். அதுக்கு முன்னாடி ஒரு யூரோடைனமிக் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்கிறார். இன்னொரு டாக்டர் "அதெல்லாம் வேண்டாம், நேரா ஆபரேஷன் பண்ணிடலாம்" என்கிறார். வீட்டுல உடனே ரெண்டு கட்சி. "பில் ஏத்துறதுக்கு டெஸ்ட் எழுதுறாங்க"ன்னு ஒரு கட்சி. "டெஸ்ட் பண்ணாத டாக்டர் அவசரப்படுறார்"ன்னு இன்னொரு கட்சி.

ரெண்டு டாக்டரும் சரியா இருக்க வாய்ப்பு இருக்கு. எந்த நோயாளிக்குச் சொன்னாங்க என்பதைப் பொறுத்தது அது. நான் டாக்டர் இல்லை, உங்களுக்கு எந்த ஆபரேஷன் என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனா ஒரு செலவு தேவையா இல்லையான்னு எப்படிப் பார்க்கணும் என்பதை நம்மால பேச முடியும். நான் எப்பவும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: இந்த டெஸ்ட் முடிவு எப்படி வந்தாலும் அடுத்து செய்யப்போறது மாறுமா? மாறும்னா பணம் கொடுங்க. எப்படி வந்தாலும் அதே ஆபரேஷன்தான்னா ஏன்னு கேளுங்க.

கசிவு எங்கிருந்து வருது?

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாய் தொடங்குற இடத்தைச் சுத்தி இருக்கிறது புராஸ்டேட். கேன்சருக்காக அதை முழுசா எடுக்கும்போது, பையின் கழுத்துப் பகுதியில் நம்மை அறியாமலே மூடிக்கிட்டு இருந்த தசையும் போயிடுது. அதுக்குக் கீழே இருக்கிற வெளிச் சுருக்குத்தசை ஒண்ணுதான் மிச்சம். இவ்வளவு நாள் ரெண்டு பேர் காவல் காத்த வாசலை இப்போ ஒருத்தர் காக்கிறார். அந்த ஒருத்தருக்கும் ஆபரேஷன்ல அடிபட்டிருந்தா, வயிற்றில் அழுத்தம் கூடுற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளியே வந்திடும். இதுக்கு அழுத்தக் கசிவுன்னு பேர்.

இது ஒரு வகை. இன்னொரு வகையும் இருக்கு. வாசல் ஓரளவு சரியாத்தான் இருக்கும், ஆனா பை தன் இஷ்டத்துக்குச் சுருங்கும். "வருது"ன்னு தோணுறதுக்குள்ள, பாத்ரூம் கதவைத் திறக்கிறதுக்குள்ள போயிடும். இதை அவசரக் கசிவு என்பார்கள்.

வீட்டுக் குழாயை நினைச்சுப் பாருங்க. தண்ணி சொட்டுது. வாஷர் தேஞ்சு போயிருக்கலாம். இல்லைன்னா குழாய் நல்லாத்தான் இருக்கு, மோட்டார் தானா ஓடி அழுத்தம் ஏத்துது. வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான், கீழே பக்கெட் நிறையுது. வாஷர் பிரச்சினைன்னா புது வாஷர் போட்டா முடிஞ்சது. மோட்டார் பிரச்சினைக்கு உறுதியான குழாய் மாட்டினா, அந்த அழுத்தம் வேற எங்கேயாவது போய்த்தானே ஆகணும்? சிலருக்கு ரெண்டுமே கலந்து இருக்கும். யூரோடைனமிக் டெஸ்ட் பார்ப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான்: கோளாறு குழாயிலா, டேங்கிலா?

ஒரு சின்னக் குறிப்பு. நம்ம ஊர்ல "புராஸ்டேட் ஆபரேஷன்"னு சொன்னா பாதிப் பேருக்கு வீக்கத்துக்காகக் குழாய் வழியே சுரண்டி எடுக்கிற டி.யூ.ஆர்.பி.தான் ஞாபகம் வரும். அது வேற, கேன்சருக்கு முழுசா எடுப்பது வேற. டி.யூ.ஆர்.பி.க்குப் பிறகு தொடக்கத்துல வர்ற அவசரம், எரிச்சல் பலருக்குத் தானாவே அடங்கிடும். நான் இங்கே பேசுறது முழுசா எடுத்தவர்களைப் பற்றி.

முதல் வருஷம் பர்ஸைத் திறக்க அவசரம் வேண்டாம்

ஆபரேஷன் முடிஞ்சு டியூப் எடுத்தவுடனே பெரும்பாலானவர்களுக்குக் கசியும். அதைப் பார்த்து பயப்பட வேண்டியதில்லை. மாசாமாசம் குறையும். முன்னேற்றம் 12 மாசம் வரைக்கும் போகும். அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டி 2019ல் வந்தது, 2024ல் திருத்தப்பட்டது. பயிற்சியும் மத்த சிகிச்சையும் செஞ்சும் ஒரு வருஷத்துக்குப் பிறகு தொந்தரவு தருகிற அழுத்தக் கசிவு இருந்தா ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்கிறது அது. கசிவு அதிகமா இருந்து, கொஞ்சம்கூட முன்னேற்றமே தெரியலைன்னா 6 மாசத்திலேயே யோசிக்கலாம் என்றும் சொல்லுது. ஆக, மூணாவது மாசத்துல யாராவது "வால்வு வெச்சிடலாம்"னு சொன்னா, ரெண்டாவது கருத்து கேட்க வேண்டிய நேரம் அது.

இந்த மாசங்களில் செய்ய வேண்டியது இடுப்படித் தசைப் பயிற்சி. பாதியில் சிறுநீரை நிறுத்துற மாதிரி தசையை இறுக்கி விடுறது. கேட்க சுலபம், ஆனா பாதிப் பேர் வயிற்றையும் தொடையையும் இறுக்கிட்டு "நானும் செய்றேன்"னு சொல்லுவாங்க. பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒண்ணு ரெண்டு தடவை போய் சரியான தசை எதுன்னு கத்துக்கிறதுதான் இந்தப் பதிவுலேயே மிக மலிவான முதலீடு.

காசு இல்லாத ரெண்டு டெஸ்ட்

மெஷின் டெஸ்ட்டுக்கு முன்னாடி வீட்டுலயே ரெண்டு வேலை செய்யலாம். டாக்டர் கேட்டாலும் கேட்காட்டியும் செஞ்சு எடுத்துக்கிட்டுப் போங்க.

முதல்ல டைரி. மூணு நாளைக்கு ஒரு நோட்டுல எழுதுங்க: எத்தனை மணிக்கு எவ்வளவு குடிச்சார், எத்தனை மணிக்கு எவ்வளவு போனார், எப்போ கசிஞ்சது, அப்போ என்ன செஞ்சுக்கிட்டு இருந்தார். அளவு குறிச்ச பிளாஸ்டிக் ஜக் ஒண்ணு போதும். "இருமும்போது", "மாடி ஏறும்போது"ன்னு வரிசையா இருந்தா கதை ஒரு பக்கம் போகுது. "தண்ணிச் சத்தம் கேட்டதும்", "தாங்க முடியாம ஓடும்போது"ன்னு இருந்தா வேற பக்கம் போகுது. ராத்திரி படுத்திருக்கும்போது காய்ஞ்சு இருக்கா, நனையுதா என்பதையும் எழுதுங்க. படுத்திருக்கும்போது காய்ஞ்சும், எழுந்து நடந்தா நனைஞ்சும் போறது வாஷர் பிரச்சினைக்காரர்களிடம் அதிகம் பார்க்கிற விஷயம்.

ரெண்டாவது பேட் எடை. சமையலறைத் தராசு போதும். காய்ஞ்ச பேட் ஒண்ணு எத்தனை கிராம்னு பார்த்துக்குங்க. 24 மணி நேரத்துல மாத்துற பேட் எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெச்சு மொத்தமா எடை போடுங்க. காய்ஞ்ச எடையைக் கழிச்சா மிச்சம் கசிந்த அளவு. ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். "நாலு பேட் மாத்துறேன்"னு சொல்றதுல எந்தத் தகவலும் இல்லை. ஒருத்தர் லேசா ஈரமானதுமே மாத்துவார், இன்னொருத்தர் சொட்டச் சொட்ட நனையும் வரை வெச்சிருப்பார். கிராம் கணக்கு பொய் சொல்லாது. இந்த எண்ணை வெச்சுத்தான் ஸ்லிங்கா வால்வான்னு பேச்சே தொடங்கும். கசிவு நாளைக்கு 400 கிராமைத் தாண்டினா பல சர்ஜன்கள் ஸ்லிங் பக்கம் போகத் தயங்குவாங்க.

சரி, யூரோடைனமிக் டெஸ்ட்டுல என்னதான் பண்ணுவாங்க?

பேரைக் கேட்டே பயந்துபோறவங்க அதிகம். மயக்க மருந்து கிடையாது, வெட்டு கிடையாது. பொதுவா முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். கூச்சம் நிறைய, வலி கொஞ்சம். அவ்வளவுதான்.

முன்னாடியே யூரின் டெஸ்ட் எடுத்து இன்ஃபெக்ஷன் இல்லைன்னு உறுதி பண்ணுவாங்க. இன்ஃபெக்ஷன் இருந்தா தேதியைத் தள்ளிவைப்பாங்க, வற்புறுத்தாதீங்க. முதல்ல ஒரு மெஷின் பொருத்தின புனல்ல சிறுநீர் போகச் சொல்லுவாங்க. எவ்வளவு வேகத்துல வருதுன்னு கிராஃப் விழும். போய் முடிச்ச பிறகு பையில் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்ப்பாங்க. அடுத்து சிறுநீர்க்குழாய் வழியா ஒரு மெல்லிசான டியூப் பைக்குள்ளே போகும். ஆசனவாயில் இன்னொரு மெல்லிய டியூப். "அது எதுக்கு?"ன்னு எல்லாரும் கேட்பாங்க. பைக்குள்ளே தெரிகிற அழுத்தம் ரெண்டு இடத்திலிருந்து வரும். ஒண்ணு வயிறு அமுக்குறது, இன்னொண்ணு பையே சுருங்குறது. ஆசனவாயில் இருக்கிற டியூப் வயிற்று அழுத்தத்தை மட்டும் அளக்கும். மொத்தத்துல இதைக் கழிச்சா பையின் சொந்த அழுத்தம் கிடைக்கும். கம்பெனி லாபத்துல ஒரு தடவை வந்த வருமானத்தைக் கழிச்சுப் பார்க்கிற மாதிரிதான்.

பிறகு பைக்குள்ளே மெதுவா உப்பு நீரை ஏத்துவாங்க. "முதல்ல எப்போ தெரியுது? எப்போ போகணும்னு தோணுது? எப்போ தாங்க முடியலை?"ன்னு கேட்டுக் குறிச்சுக்குவாங்க. நடுநடுவே இருமச் சொல்லுவாங்க, முக்கச் சொல்லுவாங்க. இருமும்போது பையின் சொந்த அழுத்தம் ஏறாம கசிஞ்சா வாசலில் கோளாறு. இருமாமலே கிராஃப் தானா எழும்பி, அப்போ கசிஞ்சா பையில் கோளாறு. கடைசியா டியூப் உள்ளே இருக்கும்போதே சிறுநீர் போகச் சொல்லி, பை சுருங்கித் தள்ளுதா, இல்லை வயிற்றை முக்கித்தான் போறாரான்னு பார்ப்பாங்க.

இந்த நோயாளிகளுக்குன்னே ரெண்டு நுணுக்கம் இருக்கு. டெஸ்ட் எடுக்கிற இடத்தின் அனுபவம் இங்கேதான் தெரியும். ஒண்ணு, ஆபரேஷனில் பையையும் குழாயையும் தைத்து இணைத்த இடம் சிலருக்குச் சுருங்கியிருக்கும். அப்போ உள்ளே போன டியூபே தக்கை மாதிரி அடைச்சுக்கும், எவ்வளவு இருமினாலும் கசியாது. "கசிவு இல்லை"ன்னு ரிப்போர்ட் வரும், வீட்டுக்கு வந்தா வேட்டி நனையும். இதைத் தெரிஞ்சவங்க டியூபை எடுத்துட்டு மறுபடி இருமச் சொல்லிப் பார்ப்பாங்க. ரெண்டாவது, மாசக்கணக்கா விடாம கசிஞ்சவர்களுக்குப் பை நிறையவே இல்லை. டெஸ்ட்டிலும் ஏத்த ஏத்த வெளியே வந்திடும், பை ரொம்பச் சின்னது என்று தப்பா எழுதிட வாய்ப்பு உண்டு. கசிவை வெளியில இருந்து தடுத்துப் பிடிச்சுக்கிட்டு நிரப்பிப் பார்த்தாத்தான் உண்மை தெரியும். வருஷத்துக்கு ரெண்டு டெஸ்ட் எடுக்கிற இடத்தைவிட, தினமும் எடுக்கிற இடத்துல 500 ரூபாய் கூடக் கொடுக்கலாம் என்று நான் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

முடிஞ்ச பிறகு ஒண்ணு ரெண்டு நாள் எரிச்சல், லேசா சிவந்த சிறுநீர் வரலாம். தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுவாங்க. காய்ச்சல், குளிர் வந்தா அன்னைக்கே போகணும், "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம்.

யாருக்கு இந்தப் பணம் வீண், யாருக்குக் கட்டாயம்?

நான் முன்னாடி சொன்ன அமெரிக்க வழிகாட்டியின் வாசகத்தைக் கவனிக்கணும். ஆபரேஷனுக்கு முன்னாடி, நோயைச் சரியாக் கண்டுபிடிக்கவோ நோயாளிக்கு விளக்கவோ உதவும் என்றால் யூரோடைனமிக் டெஸ்ட் "செய்யலாம்" என்கிறது. எல்லாருக்கும் "செய்தே ஆகணும்"னு சொல்லலை. ஆனா குழாய் வழியா கேமரா விட்டுப் பார்க்கிற சிஸ்டோஸ்கோப்பி விஷயத்துல அதே வழிகாட்டி கண்டிப்பா இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி அது வேண்டும். சுருக்கம் இருக்கான்னு தெரியாம வால்வு வைக்க முடியாது. அதனால "யூரோடைனமிக்ஸ் வேண்டாம், சிஸ்டோஸ்கோப்பி மட்டும் போதும்"னு ஒரு டாக்டர் சொன்னா அது அலட்சியம் இல்லை.

பெண்களுக்கான அழுத்தக் கசிவு ஆபரேஷனில் இதே கேள்வியை நேரடியாவே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 2012ல் அமெரிக்காவில் 630 பெண்களை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு டெஸ்ட், இன்னொரு பாதிக்கு கிளினிக் பரிசோதனை மட்டும். ஒரு வருஷம் கழிச்சு வெற்றி விகிதம் டெஸ்ட் பக்கம் 76.9 சதவீதம், டெஸ்ட் இல்லாத பக்கம் 77.2 சதவீதம். வித்தியாசமே இல்லை. அதை அப்படியே நம்ம அப்பாவுக்குப் பொருத்தக் கூடாது, காரணம் அந்தப் பெண்கள் எல்லாம் சிக்கல் இல்லாத சாதாரண கசிவுக்காரர்கள். ஆனா ஒரு விஷயம் புரியுது: கதை தெளிவா இருக்கும்போது மெஷின் புதுசா எதையும் சொல்றதில்லை.

ஆண்களில் அந்தத் தெளிவான கதை எப்படி இருக்கும்? இருமினா கசியுது, அவசரம் இல்லை, ராத்திரி காய்ஞ்சு இருக்கு, போன பிறகு பையில் மிச்சம் இல்லை, ரேடியேஷன் எடுக்கலை, நரம்பு நோய் இல்லை. இவருக்கு டெஸ்ட் இல்லாமலே சர்ஜன் முடிவெடுத்தா நான் சந்தேகப்பட மாட்டேன்.

ரேடியேஷன் எடுத்தவர் கதை வேற. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க, இந்தப் பதிவை எழுதினதே இதுக்காகத்தான். ரேடியேஷன் பட்ட பை காலப்போக்கில் ரப்பர் தன்மையை இழந்து விறைச்சுப் போகலாம். நல்ல பை 400, 500 மில்லி வரைக்கும் அழுத்தம் பெருசா ஏறாமலே நிறையும். விறைச்ச பையில் கொஞ்சம் ஏறினதுமே அழுத்தம் கூடிடும். இப்போ அவருக்குக் கசியும்போது அந்த அழுத்தம் கீழே வெளியேறிடுது. சொல்லப்போனா அந்தக் கசிவுதான் அவர் கிட்னியைக் காப்பாத்துது. அங்கே உறுதியான வால்வை வெச்சு வாசலை மூடிட்டா வேட்டி காயும், எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. உள்ளே அழுத்தம் மேலே ஏறி, வலி எதுவும் இல்லாமலே கிட்னி வீங்கிக் கெடலாம். இதைக் கசிவின் அளவை வெச்சோ, டைரியை வெச்சோ கண்டுபிடிக்க முடியாது. அழுத்தத்தை அளந்தாத்தான் தெரியும். இவருக்கு டெஸ்ட் முடிவு அடுத்த அடியையே மாத்தும். முதல்ல பைக்கு மருந்து, தேவைப்பட்டா வேற சிகிச்சை. வால்வு வெச்சாலும் அதுக்குப் பிறகு கிட்னியை ஸ்கேன், கிரியாட்டினின் மூலம் தொடர்ந்து பார்த்துக்கணும்.

அதே மாதிரி அவசரக் கசிவு கலந்திருப்பவர், ரொம்ப வருஷமா சர்க்கரை இருப்பவர், பக்கவாதம், பார்க்கின்சன், முதுகுத்தண்டு பிரச்சினை உள்ளவர், போன பிறகும் பையில் நிறைய மிச்சம் வைக்கிறவர், ஏற்கெனவே ஒரு கசிவு ஆபரேஷன் பண்ணித் தோத்தவர். இவங்களுக்கெல்லாம் டெஸ்ட் வேண்டாம்னு சொன்னா "ஏன் டாக்டர்?"னு ஒரு வார்த்தை கேளுங்க. அவசரக் கசிவுதான் பெரிசுன்னு தெரிஞ்சா மாத்திரையிலேயே பாதிப் பிரச்சினை தீரலாம், லட்சங்கள் மிச்சம்.

அந்த லட்சங்களுக்கு என்ன வாங்குறீங்க?

ஸ்லிங் என்பது சிறுநீர்க்குழாயைத் தாங்கிப் பிடிக்கிற வலைப் பட்டை. கசிவு குறைவாகவோ நடுத்தரமாகவோ இருப்பவர்களுக்கு. நோயாளி எதையும் அமுக்க வேண்டியதில்லை. செயற்கை வால்வு வேற ரகம். 1970களின் தொடக்கத்தில் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் என்ற சர்ஜன் தொடங்கி வைத்தது. இப்போ பரவலா வைக்கப்படுற ஏ.எம்.எஸ். 800 மாடல் 1980களில் வந்தது. குழாயைச் சுத்தி ஒரு பட்டை, வயிற்றுக்குள்ளே அழுத்தம் தாங்குற ஒரு பலூன், விரைப்பைக்குள்ளே ஒரு குட்டி பம்ப். பம்பை அமுக்கினா பட்டை தளர்ந்து சிறுநீர் போகும், சில நிமிஷத்துல தானா மூடிக்கும். பேட்டரி கிடையாது, எல்லாம் திரவ அழுத்தம். வெச்ச உடனே ஓடாது. சுமார் ஆறு வாரம் ஆறவிட்டுத்தான் இயக்கி விடுவாங்க. அதுவரை பேட் செலவு தொடரும், அதையும் கணக்குல வைங்க. வெளிநாட்டுச் சரக்கு, அதனால செலவு லட்சங்களில். இது ஆயுள் காலத்துக்கு ஒரு தடவை செலவும் இல்லை. தேய்மானம், இன்ஃபெக்ஷன் போன்ற காரணங்களால் 10 வருஷத்துக்குள்ள பாதிப் பேர் வரைக்கும் மறுபடி ஆபரேஷன் தேவைப்படுது.

"முழுசா நின்னுடுமா?" பிரிட்டனில் 380 ஆண்களை வெச்சு ஸ்லிங்கையும் வால்வையும் ஒப்பிட்ட ஆய்வு 2021ல் வந்தது. அதில் சேர்க்கப்பட்டவர்களே யூரோடைனமிக் டெஸ்ட்டில் அழுத்தக் கசிவு உறுதியானவர்கள்தான். ஒரு வருஷம் கழிச்சு "கொஞ்சமாவது கசியுதா?"ன்னு ரொம்பக் கறாராக் கேட்டப்போ, ஸ்லிங் போட்டவர்களில் 87 சதவீதமும் வால்வு வெச்சவர்களில் 84 சதவீதமும் ஆமான்னு சொன்னாங்க. ஆனா ரெண்டு பக்கமும் கசிவு வெகுவாகக் குறைஞ்சு, வாழ்க்கை நல்லா இருக்குன்னும் சொன்னாங்க. ஆக நீங்க வாங்குறது ஒரு சொட்டுகூட இல்லாத நிலைமை இல்லை. நாலு பேட் ஒரு பேட் ஆகுறது, கல்யாண வீட்டுல தைரியமா உட்காருறது. அது லட்சத்துக்குத் தகுமான்னு முடிவு பண்ண வேண்டியவர் அப்பா, பிள்ளைகள் இல்லை.

ஒரு ஒப்பீட்டுக்கு, நாளைக்கு 3 டயப்பர், ஒண்ணு 40 ரூபாய்னு வைங்க. நாளைக்கு 120, வருஷத்துக்கு 43,800 ரூபாய். விலை ஏறாம இருந்தாலே 10 வருஷத்துக்கு 4,38,000. உங்க வீட்டு எண்ணைப் போட்டுப் பாருங்க. இந்தப் பணத்துல ஒரு ரூபாய்கூட இன்சூரன்ஸ் தராது. கிளைம் கிடைக்காத பொருட்கள் பட்டியலில் டயப்பர் பெயர் சொல்லியே இருக்கு.

இன்சூரன்ஸ்: தேதிதான் விளையாட்டு

யூரோடைனமிக் டெஸ்ட் இடத்தைப் பொறுத்து சில ஆயிரங்கள் ஆகும். புறநோயாளியா போய் எடுக்கிறது. இதைத் தனியா கிளைம் பண்ண முடியாது. ஆனா ஆபரேஷனுக்காக அட்மிட் ஆகுறதுக்கு முந்தைய சில நாட்களின் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் சேர்த்துத் தரும். ஆரோக்கிய சஞ்சீவனியில் அது 30 நாள். சில பாலிசிகளில் 60, இன்னும் அதிகமாகவும் இருக்கு. டெஸ்ட், சிஸ்டோஸ்கோப்பி, யூரின் கல்ச்சர் எல்லாம் அந்த நாட்களுக்குள்ளே, அதே நோய்க்காக என்று இருந்தா பில்லையும் ரிப்போர்ட்டையும் டாக்டர் சீட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். அதனால டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கும்போதே "முடிவு சாதகமா வந்தா ஆபரேஷன் எப்போ?"ன்னு கேட்டுடுங்க. ரேடியேஷன்காரருக்கு டெஸ்ட்டுக்கு அப்புறம் மூணு மாசம் மருந்து சாப்பிடணும்னு வந்தா, அந்தச் சில ஆயிரத்தை மறந்துடுங்க. கிளைமுக்காக ஆபரேஷன் தேதியை முன்னாடி இழுக்காதீங்க.

சிலர் செய்ற குறுக்கு வழி, டெஸ்ட்டுக்காகவே ஒரு நாள் அட்மிட் ஆகுறது. வேலைக்கு ஆகாது. பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆகுற செலவு எல்லா பாலிசியிலும் இருக்கிற நிரந்தர விலக்குகளில் ஒண்ணு.

பெரிய தொகை விஷயத்துக்கு வருவோம். கேன்சர் ஆபரேஷனிலேயே இந்த வருஷ காப்பீட்டுத் தொகை காலியாகி இருக்கலாம். கசிவு ஆபரேஷன் பெரும்பாலும் ஒரு வருஷம் கழிச்சு வர்றதால அது அடுத்த பாலிசி வருஷத்துல விழும், தொகை மறுபடி முழுசா இருக்கும். ஒரே நிபந்தனை, நடுவுல ரினியூவலை விட்டுடக் கூடாது. "கேன்சர் கிளைம் வாங்கிட்டோம், இனி தரமாட்டான்"னு நினைச்சு பிரீமியம் கட்டாம விடுறவங்க இருக்காங்க. கிளைம் வாங்கின காரணத்துக்காக ரினியூவலை மறுக்கக் கம்பெனிக்கு உரிமை இல்லை. விட்டுட்டுப் புதுசா எடுத்தா ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாசம் வரை காத்திருக்கச் சொல்லலாம், அதுவும் பாலிசி கிடைச்சா.

இன்னொண்ணு ரூம் வாடகை. வரம்பைத் தாண்டின ரூம் எடுத்தா சர்ஜன் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாம் அதே விகிதத்துல வெட்டப்படும். உள்ளே வைக்கிற இம்பிளான்ட், மருந்து, டெஸ்ட் இவற்றை அந்த விகிதத்துல வெட்டக் கூடாதுன்னு 2020லேயே ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிடுச்சு. லட்சங்களில் இருக்கிற வால்வு விலையை ரூம் வாடகையைக் காட்டி வெட்டியிருந்தா, அந்தக் கடிதத்தை வெச்சுக்கிட்டு எழுத்துல கேளுங்க. பட்ஜெட் கேட்கும்போது வால்வு விலையைத் தனி வரியாப் போட்டு எஸ்டிமேட் வாங்குங்க. பேக்கேஜ்னு ஒரே தொகையாக் கொடுத்தா நமக்கு எதுவும் தெரியாது. டைரி, பேட் எடை, யூரோடைனமிக் ரிப்போர்ட் மூணும் கையில் இருந்தா, "இந்த ஆபரேஷன் எதுக்கு அவசியம்?"னு டி.பி.ஏ. கேட்கிற கேள்விக்கும் அதுவே பதில்.

இன்சூரன்ஸே இல்லாத 60 வயதைத் தாண்டிய அப்பா, அம்மாவுக்கு நீங்க செலவு பண்ணினா, பழைய வரி முறையில் இருப்பவர்கள் 80டி பிரிவில் வருஷம் 50,000 ரூபாய் வரை மருத்துவச் செலவாகவே கழிக்கலாம். ரொக்கமாக் கொடுத்தா செல்லாது. யு.பி.ஐ., கார்டு, செக் எதுவா இருந்தாலும் சரி. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வர்றதால பிரிவு எண் மட்டும் வேறயா இருக்கும், ஆடிட்டரிடம் கேட்டுக்குங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஆயுஷ்மான் அட்டை இருந்தா, அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்டரில் இந்த ஆபரேஷனும், வால்வின் விலையும் அவங்க பேக்கேஜில் வருதான்னு எழுதி வாங்குங்க. ஆபரேஷன் வருது, இம்பிளான்ட் வெளியே வாங்கணும்னு நிலைமை வந்தா அது வேற பட்ஜெட்.

வால்வு வெச்சவங்க வீட்டுக்கு ஒரு கடைசி விஷயம், இது பணக் கணக்கு இல்லை. வேற ஏதாவது நோய்க்காக நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தா, அவசரத்துல நர்ஸ் சிறுநீர் டியூப் போட வருவார். மூடியிருக்கிற வால்வு வழியா டியூபைத் தள்ளினா குழாய் கிழியலாம், வால்வே போயிடும். முதல்ல அதைத் திறந்த நிலையில் நிறுத்தணும், பிறகுதான் டியூப். டிஸ்சார்ஜ் ஆகும்போது தர்ற இம்பிளான்ட் கார்டை ஆதார் அட்டைக்குப் பின்னாடி செருகி பர்ஸில் வைங்க. ஒரு போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுடுங்க.